கிருபாலயத்து வாசலில் நின்ற கூட்டம்

திருவண்ணாமலையில் கூட்டம் சேர்ப்பது ஒரு வித்தையே அல்ல. பௌர்ணமி வந்தால் போதும். நோட்டீஸ் அடிக்க வேண்டாம், மைக் கட்ட வேண்டாம், ஜனங்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். மலையைச் சுற்றுவார்கள், செருப்பைத் தொலைப்பார்கள், பொட்டலச் சோற்றைத் தின்றுவிட்டு ஊர் போய்ச் சேருவார்கள். இப்படிப்பட்ட ஊரில் ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேரை எதிரில் வைத்துக்கொண்டு பிரசங்கம் செய்கிறவருக்கு வயிறு எரியுமா, எரியாதா? கிருபாலயம் சபைக்குப் புதிதாக வந்த பாஸ்டர் இனியனுக்கு எரிந்தது. அந்த எரிச்சல் கடைசியில் ஞானசௌந்தரி கட்டி வைத்த கக்கூஸின் தலையில் வந்து விடிந்தது.

ஞானசௌந்தரி வீடு எது என்று வேங்கிக்காலில் கேட்டால் யாருக்கும் தெரியாது. வார்டன் அம்மா வீடு என்று கேட்டால் ஆட்டோக்காரர் தெருமுனையிலேயே இறக்கிவிட்டு, "அதோ அந்தப் பச்சை கேட்டு. நான் கொண்டாந்து வுட்டேன்னு சொல்லாதீங்க" என்பார். மாணவியர் விடுதிகளில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்ட ஒரு சபை மூப்பரிடம், "நூறு பொண்ணுங்களுக்குக் கதவு சாத்தி, லைட் அணைச்சு, தல எண்ணிட்டு வந்து படுத்தா, ஒரு ஆம்பளைக்கு வேற காபி போடணுமா?" என்று திருப்பிக் கேட்டாள். மூப்பர் அதற்குப் பிறகு அவளிடம் வானிலை பற்றி மட்டும்தான் பேசினார்.

விடுதியில் அவள் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. பெண்பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் போக வேண்டும். போவதற்கு நல்ல இடம் இல்லையென்றால் குடிக்காமலே இருந்துவிடுவார்கள். உதடு வெடித்து, அடிவயிறு வலித்து, காய்ச்சல் வந்து சுருண்டு படுத்த எத்தனையோ பிள்ளைகளை அவள் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். அதனால் எந்த விடுதிக்கு மாற்றினாலும் முதல் நாள் சமையலறைக்குள் போக மாட்டாள், கக்கூஸுக்குள்தான் போவாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளே பினாயில் ஊற்றித் தேய்ப்பாள். மற்றவர்கள் அதை நாகரிகமாக 'வசதி' என்பார்கள், 'பாத்ரூம்' என்பார்கள். அவள் மட்டும் கக்கூஸை கக்கூஸ் என்றேதான் சொல்லுவாள், சபைக் கமிட்டியில் ஜெபம் முடிந்த கையோடுகூட.

கிருபாலயம் இருப்பது அடி அண்ணாமலை தாண்டி, கிரிவலப் பாதையிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெருவில். ஓய்வு பெற்று வந்த புதிதில் ஒரு பௌர்ணமி சாயங்காலம், பெண்கள் ஜெபக்கூட்டம் முடிந்து வெளியே வந்தவள், சபைச் சுவருக்குப் பின்னால் இரண்டு பெண்கள் சேலைத் தலைப்பைத் திரையாகப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். "யாரது? அறிவில்ல?" என்று ஓர் அதட்டுப் போட்டாள். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் தடுமாறி எழுந்தாள். நெற்றி நிறையத் திருநீறு. ஞானசௌந்தரியைவிட மூத்தவள்.

"மன்னிச்சிக்கம்மா. காலைல வந்தவாசில பஸ் ஏறுனதுலேர்ந்து அடக்கினு வரேன்" என்று கை கூப்பினாள்.

ஞானசௌந்தரிக்குத் தன் வாயிலேயே இரண்டு போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. சபைக்கு இருந்த ஒற்றைக் கக்கூஸின் பூட்டைத் திறந்துவிட்டாள். அன்று இருட்டுவதற்குள் அந்தச் செய்தி மலையையே ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டது. அடுத்த வருஷம் ஓய்வூதியத்தோடு வந்த பணத்தில் அந்த ஒற்றைக் கக்கூஸை எடுத்துவிட்டு, சபை வளாகத்தின் பக்கவாட்டில் மூன்று கக்கூஸ் கட்டினாள். வெள்ளை டைல்ஸ், உள்தாழ்ப்பாள், கொக்கி, வாளி, வெளியே 'பெண்களுக்கு மட்டும்' என்று ஒரு பலகை. பௌர்ணமிதோறும் சபைக்குப் பக்கத்து வீட்டு கவுஸ் பாஷா தன் தண்ணி லாரியைக் கொண்டுவந்து தொட்டியை ரொப்புவார். "எங்க வூட்டு பொம்பளைங்களும் வெளிய போறவங்கதானேம்மா" என்பார். அதற்கு மேல் அவரிடம் பேச்சு கிடையாது.

வந்த பெண்களுக்கு அது என்ன கோயில் என்பதெல்லாம் முக்கியமில்லை. சிலுவை இருந்தால் மாதா கோயில், அவ்வளவுதான். கிருபாலயத்தில் மாதா சிலையே கிடையாது என்று சபை மூப்பர் சொல்லிப் பார்த்தார். "பரவால்லப்பா, உள்ள இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஒரு பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள். சில பேர் போகும்போது வாசலில் கற்பூரம் ஏற்றினார்கள். சில பேர் தேங்காயே உடைத்தார்கள். அந்தத் தேங்காயை என்ன செய்வது என்று கமிட்டியில் பெரிய வாக்குவாதம். "நம்ம வாசல்ல, நம்ம சாமிக்கு ஒடச்ச தேங்கா. அதுல இன்னா தோஷம்?" என்று ஞானசௌந்தரி முடிவு சொன்னாள். பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இட்லியோடு தேங்காய்ச் சட்னி கிடைக்கும். எதிர்த்துப் பேசிய மூப்பர்தான் இரண்டாம் தரமும் வாங்கிக்கொள்வார்.

இந்த நிலைமையில்தான் பாஸ்டர் இனியன் வந்து சேர்ந்தார்.

நல்ல பிள்ளை, அதைச் சொல்லாவிட்டால் பாவம். முப்பதைத் தாண்டாத வயது, நல்ல குரல், வீடு வீடாகப் போய் விசாரிக்கிற குணம். பெங்களூரில் பெரிய பெரிய சபைகளைப் பார்த்துவிட்டு வந்தவர். அங்கே சினிமாக் கொட்டகை மாதிரி நாற்காலி, கலர் விளக்கு, உள்ளே நுழைய டோக்கன். இங்கே பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விடும் நாற்பது பேர். முதலில் டிரம்ஸ் வந்தது. பிறகு கலர் விளக்கு. பிறகு மேடையில் வெண்புகை விடுகிற ஒரு மெஷின்.

புகை மெஷின் ஓடிய முதல் ஞாயிறு மறக்க முடியாதது. ஜன்னல் வழியாக வெண்புகை குபுகுபுவென்று வெளியே வந்ததைக் கவுஸ் பாஷா பார்த்தார். மனிதர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு லாரியைக் கிளப்பி வந்து, ஜன்னலுக்குள் குழாயை விட்டுத் திறந்துவிட்டார். டிரம்ஸ் நனைந்தது, கீபோர்டு நனைந்தது, பாஸ்டர் தலை முதல் கால் வரை நனைந்தார். தெருவே குடமும் வாளியுமாக ஓடி வந்து உள்ளே நுழைந்தது.

"பாஷா பாய், நெருப்பு இல்ல! புகை நாங்கதான் போட்டோம்!" என்று பாஸ்டர் கத்தினார்.

"நீங்களேவா? எதுக்கு?"

பாஸ்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கூட்டம் வர்றதுக்கு" என்றார்.

கவுஸ் பாஷா திரும்பிப் பார்த்தார். வாசல்வரை தலை தலையாக ஜனம். "வந்துச்சுங்களே" என்று சொல்லிவிட்டுக் குழாயைச் சுருட்டினார்.

ஞானசௌந்தரி அன்று முழுவதும் சிரித்தாள். ஆனால் சாயங்காலம் அறிவுரை சொல்வதற்காகப் போனவளிடம், ஈரமான டிரம்ஸைத் துணியால் துடைத்துக்கொண்டே பாஸ்டர் பேசிய பேச்சு அவளைக் கொஞ்சம் உட்கார வைத்தது.

"நீங்க சிரிக்கிறீங்க அம்மா. காலி பெஞ்சைப் பாத்துப் பிரசங்கம் பண்ணியிருக்கீங்களா? இந்த நாப்பது பேர்ல என் வயசுல யாரு இருக்காங்க, சொல்லுங்க. இன்னும் பத்து வருஷத்துல நான் அடக்க ஆராதனை மட்டும்தான் நடத்துவேன். ஜனமே இல்லன்னா யார வச்சு ஊழியம் செய்யறது?"

பதில் இல்லாத இடத்தில் அவள் எப்போதும் செய்வதுபோல, டிரம்ஸைச் சரியாகத் துடைக்கவில்லை என்று குறை சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

அடுத்த பௌர்ணமிக்குப் பாஸ்டர் ஒரு கட்டுக் கைப்பிரதியோடு பக்கவாட்டு வாசலுக்கு வந்தார். வரிசையில் நிற்கிற பெண்களுக்கு ஆளுக்கு ஒன்று கொடுக்கலாமே என்பது அவர் யோசனை.

"குடுங்க பாஸ்டர், தாராளமா குடுங்க. ஆனா முட்டிகினு நிக்கிறவ கைல காகிதத்தக் குடுத்தா, உள்ள போயி அத இன்னா செய்வான்னு நான் ஜவாப்தாரி இல்ல" என்றாள் ஞானசௌந்தரி.

பாஸ்டர் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பௌர்ணமியன்றுதான் வினை வேறு ரூபத்தில் வந்தது. கிருபாலயம் மாதிரிச் சின்னச் சபைகள் பலவற்றுக்குத் தலைவர் ஒருவர் உண்டு. கலையரசன் என்று பெயர், எல்லாருக்கும் சேர்மன் ஐயா. எங்கோ கூட்டத்துக்குப் போய்விட்டு வேலூர் திரும்பிக்கொண்டிருந்தவரின் காரைப் போலீஸ் சுற்றுப்பாதையில் திருப்பிவிட, அது கிருபாலயத்துத் தெருமுனையைக் கடந்தது. ஜன்னல் வழியே பார்த்தவர் கண்ணில் பட்டது, சிலுவை போட்ட வாசல், அங்கிருந்து தெருமுனை வரை நீண்ட பெண்கள் வரிசை. கார் நகர்ந்துவிட்டது. ஃபோன் வந்துவிட்டது.

"இன்னா தம்பி இனியன், ஜனம் ரோடு வரைக்கும் நிக்குதே! சாதாரண நாள்லயே இப்படின்னா ஞாயித்துக்கெழம எப்படி?"

பாஸ்டர் தொண்டையைச் செருமினார். ஓர் உண்மையைச் சொல்லப் போதுமான நேரம் அந்தச் செருமலில் இருந்தது. "எல்லாம் கர்த்தருடைய கிருபை ஐயா" என்றார்.

பக்கத்தில் வாளிக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஞானசௌந்தரி நிமிர்ந்து பார்த்தாள். "கிருபை இல்ல பாஸ்டர், அது கக்கூஸு" என்றாள். ஆனால் அதற்குள் ஃபோன் வைக்கப்பட்டுவிட்டது.

சேர்மன் ஐயா சும்மா இருப்பாரா? இப்படி வளருகிற சபைக்கு இடம் போதாது, மண்டபத்தைப் பக்கவாட்டில் நீட்டி நல்ல மேடை கட்டுங்கள், போன பௌர்ணமிக்கு நின்ற அதே ஜனத்தை அடுத்த பௌர்ணமிக்கு நானே நேரில் வந்து பார்த்துவிட்டு அனுமதி கொடுக்கிறேன் என்று சொல்லி அனுப்பினார். பக்கவாட்டில் இருப்பது எது? மூன்று கக்கூஸ். வரிசையைப் பார்த்து மண்டபம் கிடைக்கிறது, மண்டபம் கட்ட வரிசைக்குக் காரணமானதை இடிக்க வேண்டும். பொன்முட்டை போட்ட வாத்தை அறுத்த கதைகூட இவ்வளவு நேர்த்தியாக இருக்காது.

கமிட்டியில் ஞானசௌந்தரி சண்டை போட்டாள். மேசையைத் தட்டினாள். "கூட்டத்துக்கு மேடை வேணும்ன்றீங்க. அந்தக் கூட்டத்துக்கு வேண்டியது மேடையா?" என்று கேட்டாள். ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. புது மண்டபம் என்றதும் எல்லாருக்கும் தங்கள் வீட்டுக் கல்யாணம் ஞாபகம் வந்துவிட்டது. மூப்பர் சட்னி சாப்பிட்ட நன்றிக்காக ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, இடிக்கலாம் என்று கை தூக்கினார். வீட்டுக்கு வந்து அவள் அழுதாள். விடுதியை விட்டு வந்த நாளில்கூட அழாதவள் தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அந்த வாசல் போய்விட்டால் பௌர்ணமியன்று தனக்கு என்ன வேலை என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

சேர்மன் வருகிற பௌர்ணமியும் வந்தது. ஞானசௌந்தரி மதியமே போய் ஊறப்போட்டுத் தேய்த்து, டைல்ஸில் முகம் பார்க்கும்படி வைத்தாள். இடிபடப் போகிறது என்றாலும் அழுக்காக இடிபடக் கூடாது. பாஸ்டர் வாசலுக்கு எதிரே மூன்று கால் ஸ்டாண்டில் ஃபோனைப் பொருத்தி வரிசையைப் படம் பிடிக்கத் தயாராக நின்றார். வெயில் தாழ்ந்தது. கிரிவலப் பாதையில் அரோகரா சத்தம் ஆற்று வெள்ளமாகப் போய்க்கொண்டிருந்தது. இந்தத் தெருவுக்குள் ஒரு ஈ காக்காய் திரும்பவில்லை.

கவுஸ் பாஷாதான் சேதி கொண்டுவந்தார். "மொனைல புச்சா வரிசையா ரெடிமேட் பாத்ரூம் கொண்டாந்து வச்சிருக்காங்கம்மா. யாரோ நகக்கட மொதலாளி உபயமாம். கதவுக்குக் கதவு அவரு போட்டோதான் சிரிக்குது."

ஞானசௌந்தரி மூக்கைத் தயாராக வைத்துக்கொண்டு நேரில் பார்க்கப் போனாள். நாறும், தண்ணீர் வராது, தாழ்ப்பாள் இருக்காது என்று வழியெல்லாம் தனக்குள் சொல்லிக்கொண்டே போனாள். உள்ளே நுழைந்தாள். மல்லிகைப்பூ வாசம் வந்தது. குழாயைத் திருகினால் தண்ணீர் ஜாஸ்தியாகவே வந்தது. தாழ்ப்பாள் கச்சிதமாக விழுந்தது. வெளியே வந்தவள் முகம் சாவு வீட்டுக்குப் போய் வந்தது போல இருந்தது.

"இன்னாம்மா, நாறுதா?" என்று கேட்டார் கவுஸ் பாஷா.

"மணக்குது பாஷா."

"நல்லதுதானே!"

"நல்லதுதான்" என்றாள். அதைச் சொல்வதற்கு அவளுக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

திரும்பி நடக்கும்போதுதான் அது அவளுக்கு உறைத்தது. பெண்கள் தவிக்கக் கூடாது என்பதுதானே அவளுக்கு வேண்டியது? இன்றைக்கு ஒருத்தியும் தவிக்கவில்லை. பிறகு ஏன் நெஞ்சு இப்படிக் காந்துகிறது? அவர்கள் தவித்துக்கொண்டு தன் வாசலில் வந்து நிற்க வேண்டும் என்றுதான் இத்தனை வருஷமும் ஆசைப்பட்டாளா? இந்தப் பௌர்ணமிக்குக் கூட்டம் ஜாஸ்தி, போன பௌர்ணமிக்குக் கம்மி என்று பாஷாவிடம் பெருமையடித்தது யார்? அவளுக்கு வெட்கமாக இருந்தது. அறுபதைத் தாண்டி இப்படி நடுரோட்டில் வெட்கப்படுவது சுகமான காரியமில்லை.

வாசலில் பாஸ்டர் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். "அம்மா, சேர்மன் ஐயா ஊருக்குள்ள வந்துட்டாராம். யாரையாவது கூப்பிடுங்கம்மா. உங்க பேச்சுக்கு வருவாங்க."

"வராதவள வா வான்னு கூப்புட இது லாட்ஜா?" என்றாள். பிறகு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். "பாஸ்டர், ஒண்ணு சொல்றேன். நீங்க பொகை போட்டீங்க. நான் பினாயில் போட்டேன். கடைசில ரெண்டு பேரும் வாசலயே பாத்துகினு ஒக்காந்திருக்கோம்."



"அவங்களுக்கு அங்க நல்லபடியா கெடைக்குதுன்னா இத இடிச்சிக்கோங்க. இனிமே நான் குறுக்க நிக்க மாட்டேன்."

இத்தனை நாளாக அவர் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. கேட்டபோது அவர் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. ஸ்டாண்டின் ஒரு காலைத் தேவையில்லாமல் நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார்.

விளக்கு ஏற்றுகிற நேரத்தில் ஒரு பெண் ஓட்டமும் நடையுமாகத் தெருவுக்குள் வந்தாள். "மாதா கோயில் இதுதானே? இங்கயும் வீடியோ எடுக்கறாங்களா?"

"எத?" என்று எழுந்தாள் ஞானசௌந்தரி.

"அந்த நகக்கட ஆளுங்க இப்பதான் வந்தானுங்க. வெளிய வந்த ஒடனே மூஞ்சில லைட் அடிச்சு, மைக்க நீட்டி, எப்படி இருந்துச்சு, நம்ம மொதலாளிக்கு ஒரு நன்றி சொல்லுங்கன்றானுங்க. எங்க வூட்டுக்காரரு நாள் முச்சூடும் ஃபோன்தான் பாக்கறாரு. நான் கக்கூஸ்லேர்ந்து வர்றது அதுல வரணுமா?"

பேசிக்கொண்டே வந்தவள் ஸ்டாண்டையும் அதில் கண் விழித்திருந்த ஃபோனையும் பார்த்துவிட்டாள். சட்டென்று இரண்டடி பின்னால் போனாள். ஞானசௌந்தரி வாயைத் திறப்பதற்குள் பாஸ்டர் ஃபோனைப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, ஸ்டாண்டை மடக்கிச் செடிக்குப் பின்னால் எறிந்தார்.

"இல்லம்மா, இங்க ஒண்ணும் எடுக்கல. போங்க, போங்க" என்றார்.

அவளுக்குப் பின்னால் நான்கு பேர், அவர்களுக்குப் பின்னால் ஒரு கூட்டம். கொஞ்ச நேரத்தில் வரிசை பழையபடி தெருமுனையைத் தொட்டது. ஞானசௌந்தரிக்கு மனம் குளிர்ந்தது. குளிர்ந்ததற்காகத் தன்னை ஒருதரம் திட்டிக்கொண்டாள். பிறகு திட்டிக்கொள்ள நேரமில்லை. வாளி காலியாகிவிட்டது.

சேர்மன் ஐயா இந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார், நடந்து. காரைப் போலீஸ் வெகு தூரத்திலேயே நிறுத்திவிட்டது. வெள்ளை அங்கி, வியர்வை வழியும் முகம், சர்க்கரை வியாதிக்காரருக்கே உரிய ஒரு மாதிரியான வேகம். பாஸ்டர் சால்வையோடு ஓடினார். தோளில் போர்த்தினார். "எங்கள் அழைப்பை ஏற்று, சிரமம் பாராமல்…" என்று வரவேற்புரையை ஆரம்பித்தார்.

"சால்வ இருக்கட்டும் தம்பி" என்றார் சேர்மன் ஐயா, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டே. பிறகு குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார்.

பாஸ்டர் முகம் வெளுத்தது. கிருபாலயத்தில் ஆண்களுக்கென்று ஒன்றும் கிடையாது. அவசரம் என்றால் வேங்கிக்காலில் இருக்கிற பாஸ்டர் வீட்டுக்குத்தான் போக வேண்டும். இரண்டு பேரும் ஞானசௌந்தரியைப் பார்த்தார்கள். ஞானசௌந்தரி தலைக்கு மேல் தொங்கிய பலகையைப் பார்த்தாள். ஒரு நாளும் ஓர் ஆணையும் அந்த வாசலுக்குள் அவள் விட்டதில்லை. அதுவுமில்லாமல், கையெழுத்துப் போட்டு இதை இடிக்க வந்த மனிதர்.

வரிசையின் முன்னால் நின்ற வயதான அம்மாள்தான் வழக்கைத் தீர்த்துவைத்தாள். "வுடும்மா பாவம். வயசானவரு. மூஞ்சப் பாரு, இன்னும் கொஞ்ச நேரம்கூடத் தாங்காது." பின்னால் திரும்பி, "ஏ, சாமியாரு ஒருத்தரு அவசரமா போணுமாம், ஒதுங்குங்கடி" என்றாள். அத்தனை பெண்களும் ஒதுங்கினார்கள். சேர்மன் ஐயா சால்வையோடு உள்ளே பாய்ந்தார்.

அவர் வெளியே வரும்போது, ஓடிப்போன கூட்டத்தைத் துரத்திக்கொண்டு வந்த நகைக்கடைப் பையன்கள் வாசலில் நின்றார்கள். பளிச்சென்று விளக்கு விழுந்தது. மைக் நீண்டது. "வணக்கம் சாமி. எப்படி இருந்துச்சு? நாலு வார்த்தை சொல்லுங்க."

சேர்மன் ஐயா மைக்கைக் கண்டால் கை தானாக நீளுகிற மனிதர். கல்யாண வீட்டில் வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டால் பந்தி ஆறும் வரைக்கும் விட மாட்டார். அவர் வாழ்க்கையில் முதல்தடவையாக மைக்கைத் தள்ளிவிட்டார். "ஏம்பா, இதையெல்லாமா படம் புடிப்பாங்க? மனுசனுக்கு ஒரு மரியாத வேணாம்?" என்று கத்தினார். கவுஸ் பாஷா லாரிக் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு பையன்களின் பக்கம் நடந்தார். அவர்கள் வந்த வழியே போய்விட்டார்கள்.

அமைதியானதும் சேர்மன் ஐயா வரிசையை மேலும் கீழும் பார்த்தார். திருநீற்று நெற்றிகள், வெறுங்கால்கள், கையில் தேங்காய்ப் பைகள். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டார். "இனியன், இவங்கள்லாம் நம்ம சபை ஜனமா?"

பாஸ்டர் இந்த முறை தொண்டையைச் செருமவில்லை. "இல்லீங்க ஐயா. ஒருத்தர்கூட இல்ல. நாங்க நாப்பது பேருதான். அன்னிக்கு ஃபோன்ல நான் உண்மையச் சொல்லல."

சேர்மன் ஐயா முகத்தைச் சால்வையால் துடைத்துக்கொண்டார். "நல்ல வேள" என்றார். "நம்ம சபை ஜனமா இருந்திருந்தா ஒருத்தனும் எனக்கு வழி வுட்டிருக்க மாட்டான்."

முதலில் சிரித்தது வரிசையில் நின்ற அந்த வயதான அம்மாள்தான். எதற்கென்று தெரியாமலே எல்லாரும் சிரித்தார்கள். பாஸ்டர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். சேர்மன் ஐயா அவர் தோளில் கை வைத்தார். "மேடைக்கு வேற எடம் பாரு தம்பி. கெடைக்கலன்னா தரையில நின்னு பேசு. நான் இன்னிக்கு வந்த கோலத்துல எனக்கு யாரும் மேட போட்டுத் தரல, கதவத்தான் தெறந்துவுட்டாங்க. இத இடிக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

ஞானசௌந்தரிக்குக் கண் நிறைந்தது. நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். ஆனால் அதற்குள் அந்த வயதான அம்மாள் கதவு வரை போய்விட்டு, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து நின்றாள். ஞானசௌந்தரி எட்டிப் பார்த்தாள். பிறகு சேர்மன் ஐயாவை அழைத்தாள். சத்தம் என்னவோ மரியாதையாகத்தான் வந்தது.

"ஐயா, தண்ணி ஊத்தாம வந்துட்டீங்க."

இத்தனை சபைகளுக்குத் தலைவர் வரிசையைப் பார்த்தார், பாஸ்டரைப் பார்த்தார். ஒருவரும் அவர் உதவிக்கு வரவில்லை. அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாளியோடு உள்ளே போனார். அவர் ஊற்றி முடித்து வெளியே வரும்வரை பெண்கள் காத்திருந்தார்கள்.